பதிப்பு இரண்டு

பீஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் இந்த வடகாற்றுக்கு.
அது வீசிய மூன்றாம் நாள்
ஏரி எழும்பி வந்து, கரையோரச் சைக்கிள்களைப்
பனிக்கட்டிக்குள் பூட்டிவிட்டுப் போயிருந்தது.
பன்னிரண்டாம் எண் டிராமில் வந்திறங்கிய ஒதில் வுவார்னோ
கையுறையைக் கழற்றாமலே கணினியைத் திறந்தாள்.

எங்கள் வேலை சிறியது, சொல்லிவிடுகிறேன்.
முந்நூறு கோடி எழுத்து,
நான்கே எழுத்தால் ஆன நெடுங்கணக்கு.
புள்ளியில்லை, பத்தியில்லை,
சொல் எங்கே முடிகிறதென்று ஏடு காட்டாது.
நாங்கள் உரை எழுதுகிறோம்.
இங்கே ஒரு மரபணு தொடங்குகிறது.
இது இடைச்செருகல்.
இது ஒருகாலத்தில் பொருள்பட்டது, இப்போது வெறும் ஓசை.
இது பாடபேதம்: சிலரிடம் மட்டும் ஓரெழுத்து வேறு.

பாடபேதத்தின் கீழே ஒரு சொல் இட வேண்டும்.
தீங்குண்டு, அல்லது தீங்கில்லை, அல்லது தெரியவில்லை.
மூன்றாவதை எழுதத்தான் துணிச்சல் அதிகம் வேண்டும்.

எழுதியதைத் திறந்து வைத்துவிடுவோம்.
காசு கேட்பதில்லை, பெயர் கேட்பதில்லை.
யார் வந்து படித்தார் என்று தெரியாது.
கிணற்றில் போட்ட கல் என்றே இருந்தோம்.

மோன்டேவிடியோவிலிருந்து கடிதம்.
ராமிரோ எட்செகோயன், குழந்தைகள் இதய மருத்துவர்.
ஆறு வயதுச் சிறுமி,
கடிகார மணி அடித்தால் மயங்கி விழுகிறாள்.
முன்பிறந்தவன், ஆண், வயது பதினொன்று,
இறந்த நேரம் காலை ஆறரை, பள்ளி நாள்.
இருவரிடமும் அதே எழுத்து மாறியிருக்கிறது.
நீங்கள் தீங்கில்லை என்று குறித்த எழுத்து.
குறை சொல்ல எழுதவில்லை.

கடைசி வரியைத்தான் ஒதில்
திரும்பத் திரும்பப் படித்தாள்.

பழைய பதிவு.
ஒன்பது ஆண்டுக்கு முன், மார்ச், வெள்ளிக்கிழமை,
மாலை நான்கு ஐம்பது.
சான்று: ஒரே கட்டுரை, நாற்பது பேர்.
எழுதியது ஒதில்.
சரிபார்த்தது நான்.

அந்த வெள்ளிக்கிழமையைத் தேடிப் பார்த்தேன்.
யாருக்கோ பிறந்தநாள், கேக் இருந்தது.
அதற்கு மேல் வரவில்லை.

பையனுக்கு ரத்தம் எடுத்தது ஆகஸ்டில்.
அவன் மருத்துவர் எங்கள் வரியைத் திறந்தாரா?
வருகைப் பதிவேடு வைப்பதில்லை என்று
கூட்டத்தில் கைதூக்கி முடிவெடுத்தவர்கள் நாங்கள்தான்.
படிப்பவரின் அந்தரங்கத்தைக் காப்பதற்காக.
அது சரியான முடிவு.
இப்போதும் சரியான முடிவுதான்.

ஒதில் அழவில்லை. காப்பி குடிக்கவில்லை.
புதிய கட்டுரைகளை வரவழைத்தாள்.
ஒசாகாவில் யாரோ அந்த எழுத்தை
ஒரு செல்லில் வைத்துப் பார்த்திருந்தார்கள்.
பொட்டாசியம் வெளியேறும் சிறு வாசல்
போதிய அளவு திறப்பதில்லை.
அடுத்த துடிப்புக்கு இதயம் ஆயத்தமாகும் முன்
மணி அடித்துவிடுகிறது.

மூன்று மணிக்குச் சொல்லை மாற்றினாள்.
மாற்றலாம், அழிக்க முடியாது.
தீங்குண்டு என்பது பதிப்பு இரண்டு.
அதன் கீழே பதிப்பு ஒன்று அப்படியே கிடக்கும்,
எங்கள் இருவர் பெயரோடு,
உலகம் பார்க்க.

சரிபார்க்கிறாயா, என்றாள்.
ஒரே சொல். நான்கு முறை படித்தேன்.
கையெழுத்திட்டேன்.

காற்று நின்றபின் சைக்கிள்கள் கிடைத்தன,
சங்கிலி மட்டும் துருவேறி.

இரண்டு வாரம் கழித்து ராமிரோ எழுதினார்.
மாத்திரை தொடங்கியாயிற்று.
வீட்டில் அழைப்புமணியைக் கழற்றிவிட்டார்கள்,
கடிகாரத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார்கள்.
காலையில் தாய் வந்து
பாதத்தைத் தொட்டு எழுப்புகிறாளாம்.

எந்தப் பாதம் என்று அவர் சொல்லவில்லை.
ஒதில் கேட்டு எழுதினாள்.
இடது, என்று பதில் வந்தது.
அதைப் பதிய எங்களிடம் கட்டம் இல்லை.